அத்தானின் நெருப்புப்பெட்டி

மொன்றியலின் கிழக்குக் கரையில், எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் பக்கத்தில், பெற்றோல் கப்பல்கள் வந்து கட்டுகிற துறைமேடை ஒன்று இருக்கிறது. அதற்குப் போகிற வாசலில் பதினொரு வருடமாக நிற்கிறேன். உள்ளே போகிற எவருடைய உடம்பிலும் நெருப்புப் பற்றவைக்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. லைட்டர், நெருப்புப்பெட்டி, கைத்தொலைபேசி எல்லாவற்றையும் வாங்கி வாசற்கொட்டகையில் இருக்கிற இலக்கமிட்ட தட்டில் வைக்க வேண்டும். ஆளைத் தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்க்க வேண்டும். பிறகு தாளில் ஆளின் பெயர், நேரம், ‘சோதித்தேன்’ என்ற கட்டத்துக்குள் என் கையொப்பம். இவ்வளவுதான் என் வேலை.

இந்த வேலைக்கு நல்ல மனம் தேவையில்லை. கெட்ட குணம் இருந்தால் போதும். அது எனக்குத் தாராளமாக இருந்தது.

ஒரு முறை ஒரு கப்பலின் சமையற்காரர், பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பதைத் தாண்டிய மனிதர், கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். காலுறைக்குள் ஒரு லைட்டர் வைத்திருந்தார். அதில் அவருடைய மகளின் படம் ஒட்டியிருந்தது. கப்பல் புறப்படும்போது அப்படிப்பட்டவற்றைக் கப்பல் தலைவரிடம் கொடுத்து அனுப்பலாம் என்றுதான் விதியில் இருக்கிறது. நான் அவர் கண்முன்னாலேயே அதைக் கழிவு வாளிக்குள் போட்டேன். ‘படத்தை மட்டும் கிழித்து எடுக்கட்டுமா’ என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். ‘அடுத்த ஆள்’ என்றேன். அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன், நன்றாகவும் தூங்கினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பின்னால் சொல்லப்போகிறதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

அக்கா தமிழ் வாசிப்பாள். இத்தனை நாளும் நான் இதை எழுதாததற்கு அதுதான் காரணம். இப்போது வாசிக்கட்டும்.

எங்களுக்குப் பயிற்சி தந்த அறையின் சுவரில் ஒரு பழைய தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வெள்ளைக்காரர் ஆண்ட ஏதோ ஒரு சூடான நாட்டுத் துறைமுகத்தில் பெற்றோல் கப்பல்களுக்குப் போட்ட விதிகள். ஓய்வுபெற்றுப் போன மேலாளர் ஒருவர் பழம்பொருட் கடையில் வாங்கி மாட்டியதாம். பெற்றோல் கப்பல் மற்றக் கப்பல்களிலிருந்து தள்ளி நங்கூரமிட வேண்டும், பகலில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும், சமையல் அடுப்பு மூட்டக் கூடாது, கூலிகள் கப்பலில் ஏறுமுன் நெருப்புப்பெட்டிக்கும் புகையிலைக்கும் அவர்களைச் சோதிக்க வேண்டும், சோதித்தவன் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும் என்று அதில் இருந்தது. சுருட்டுப் பிடிக்கிற துரைமாரைச் சோதிக்க ஒரு வரியும் இல்லை. மதிய இடைவேளையில் நின்று தேடிப் பார்த்தேன், இல்லை. சிலரைத் தொடுவார்கள், சிலரைத் தொடமாட்டார்கள். அதை எவரும் எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை. எனக்கு அது நன்றாக விளங்கியது, ஏனென்றால் என் வாசலிலும் தொடப்படாத ஓர் ஆள் இருந்தார்.

அவர் என் அத்தான். அக்காவின் கணவர்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் அவர்களுடைய வீட்டுக் கூடத்தில் மூன்று வருடம் படுத்திருந்தேன். எனக்கு முதல் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தது அத்தான். பிரெஞ்சு வகுப்புக்குப் போ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியதும் அத்தான். அவர் மட்டும் போகவில்லை. இருபது வருடம் டவுன்டவுன் உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார். கை வெந்து, இடுப்பு நாரி விட்டுப்போய், ஐம்பத்தாறு வயதில் ‘இனி உன்னை வைத்திருக்க ஏலாது’ என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் நான் அவரைத் துறைமேடை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். குழாய் பொருத்தும்போது கயிறு பிடிப்பது, எண்ணெய் இறங்கும்போது குழாயின் மூட்டுக்கள் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது, அவ்வளவுதான் அவருக்கு வேலை. குனிய வேண்டியதில்லை. தலைக்கவசம், தன் பெயர் ஒட்டிய அலுமாரி, தொழிற்சங்க அட்டை. அந்த அலுமாரியைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஒரு சிக்கல் இருந்தது. சோதிப்பவனும் சோதிக்கப்படுபவரும் உறவினராக இருக்கக் கூடாது என்பது விதி. நான் அவரைத் ‘தெரிந்த ஆள்’ என்றுதான் சொல்லிச் சேர்த்தேன். எங்கள் ஆட்களில் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கே குடும்பப் பெயர் ஒத்துவராது. அது வசதியாகப் போயிற்று.

ஆனால் அத்தானின் உடம்பில் எப்படிக் கை வைப்பது. எங்கள் ஊரில் அத்தானுக்கு முன்னால் காலுக்கு மேல் கால் போட்டு உட்காரமாட்டோம். அவருடைய சட்டைப்பைக்குள் கைவிட்டுத் துழாவு என்றால் என் கை போகாது. முதல் நாள் வாசலில் அவர் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார். நான் அவருடைய சட்டைக்கு நாலு விரல் தள்ளி, தொடாமல், கைகளை மேலிருந்து கீழே கொண்டுபோனேன். தூரத்தில் நின்று பார்த்தால் சோதிக்கிற மாதிரியே இருக்கும். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ‘சோதித்தேன்’ கட்டத்துக்குள் கையொப்பம் வைத்தேன். இந்த நாடகம் நாலு வருடம் நடந்தது. சமையற்காரனின் காலுறைக்குள் விரலை விட்ட அதே கை இது.

அத்தான் ஒவ்வொரு வெள்ளியும் வேலைக்கு முன் கோயிலுக்குப் போவார். அங்கே வாசலில் பிள்ளையாருக்குத் தானே கற்பூரம் கொளுத்தினால்தான் அவருக்குத் திருப்தி. அதற்காக ஒரு நெருப்புப்பெட்டி வைத்திருப்பார். நான் காரில் போய் அவரைக் கோயிலடியில் ஏற்றுவேன். ஏறியதும் நெருப்புப்பெட்டியை என் கார்க் கதவின் பைக்குள் போடுவார். அதற்கு அங்கே ஒரு நிரந்தர இடமே இருந்தது. கார் துறைக்கு வெளியே நிற்கும். எவருக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கார் இல்லை. குளிர்காலச் சில்லு மாற்றக் காரைக் கராஜில் விட்டிருந்தேன். நவம்பர் கடைசி, நகரம் முழுவதும் சில்லு மாற்ற வரிசையில் நிற்கிற நேரம். பின்னேரந்தான் தருவோம் என்றார்கள். நான் பஸ்ஸில் நேரே வேலைக்குப் போனேன். அத்தான் கோயிலிலிருந்து மெட்ரோ எடுத்து, பஸ் எடுத்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நெருப்புப்பெட்டி அவர் குளிர்ச்சட்டையின் பொக்கற்றுக்குள் இருந்தது. போடக் கார் இல்லையே.

அன்று மேடையில் ஒரு பெரிய கப்பல் பெற்றோல் இறக்கிக்கொண்டிருந்தது. வாசலில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எண்ணெயின் சொந்தக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பரிசோதகரை அனுப்பியிருந்தார்கள். அவர் சற்று முன்னர்தான் என் வாசலால் உள்ளே போயிருந்தார். அவரையும் நான் விடவில்லை. இடுப்புப்பட்டியைக் கழற்ற வைத்தேன். ‘இப்படி ஓர் ஆளை நான் எந்தத் துறையிலும் பார்க்கவில்லை’ என்று அவர் மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொண்டு போனார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தப் பெருமையோடு நான் நிற்கும்போது அத்தான் வந்தார். அவரிடம் கற்பூர வாசம் அடித்தது. வெள்ளிக்கிழமைகளில் எப்போதும் அடிக்கிறதுதான். கைத்தொலைபேசியைத் தட்டில் வைத்தார். பிறகு வலக்கையைக் குளிர்ச்சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு, “தம்பி, இதைக் கொஞ்சம்...” என்று தொடங்கினார்.

“போங்கோ அத்தான், போங்கோ. பின்னால சனம் நிக்குது,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் தயங்கினார். நான் கைகளைக் காற்றில் ஓட்டி, கையொப்பமிட்டு, அவரை முதுகில் தட்டாத குறையாக உள்ளே அனுப்பினேன். நாலு வருடத்தில் அன்றுதான் அவர் வாசலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அரை மணித்தியாலம் கழித்து மேடையிலிருந்து வந்துகொண்டிருந்த பம்பின் இரைச்சல் நின்றது. எண்ணெய் இறங்கும்போது அந்தச் சத்தம் நிற்கவே கூடாது. வானொலிக் கருவியில் ‘நிறுத்து, எல்லா வால்வும் மூடு’ என்று கேட்டது.

நடந்தது இதுதான். பரிசோதகர் மேடையில் நின்ற நாலு தொழிலாளரையும் கூப்பிட்டு, பொக்கற்றில் இருப்பதையெல்லாம் இரும்பு மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அத்தான் ஒளிக்கவில்லை. திருநீற்றுப் பொட்டலம், பொலித்தீன் பைக்குள் நாலு கற்பூரக் கட்டி, நெருப்புப்பெட்டி மூன்றையும் எடுத்து ஒழுங்காக வரிசையில் வைத்திருக்கிறார், சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற மாதிரி. அவருக்கு முப்பது அடி தள்ளிப் பெற்றோல் குழாய்.

ஒரு மணித்தியாலத்தில் எங்களைப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் ஒரு கியூபெக் பெண்மணி. கோபத்தில்கூடக் குரல் உயர்த்தாதவர். பக்கத்தில் பரிசோதகர். தொழிற்சங்கத்து ஆள் அன்று விடுமுறை, தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் விதியை வாசித்தார். மறந்துபோய்க் கொண்டுவந்தவருக்கு இரண்டு கிழமை வேலை இடைநிறுத்தம், பிறகு திரும்பி வரலாம். தெரிந்தே ஒளித்துக் கொண்டுவந்தவருக்கு அன்றோடு வேலை போகும். சோதிக்காமல் சோதித்ததாகக் கையொப்பம் வைத்த காவலாளிக்கும் அன்றோடு வேலை போகும்.

விதி மிகத் தெளிவாக இருந்தது. எங்கள் இருவரில் ஒருவர் போக வேண்டும், உண்மையைச் சொன்னால் அது நான்.

“இவரைச் சோதித்தீர்களா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

“சோதித்தேன்,” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் யோசித்துச் சொன்னவை.

அத்தானுக்கு இப்படி நீளமாகக் கேட்கிற பிரெஞ்சு விளங்காது. வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாம், திங்கள்வரை காத்திருக்கலாம் என்று தொலைபேசியில் தொழிற்சங்க ஆள் சொன்னார். அதை அத்தானுக்குச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

“வேற ஆள் எதுக்கு. நீரே சொல்லும் தம்பி. நீர் சொன்னால் வடிவாச் சொல்லுவீர்.”

‘இந்த நெருப்புப்பெட்டி எப்படி வாசலைத் தாண்டி வந்தது?’ என்று மேற்பார்வையாளர் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அத்தான் எனக்காகவே மெதுவாகச் சொன்னார். “வாசல்ல உம்மட்ட இதைக் குடுப்பம் எண்டுதான் பொக்கற்றுக்க கை வைச்சனான். நீர் போங்கோ எண்டிட்டீர். அவசரத்தில மறந்துபோச்சு. உள்ளதைச் சொல்லும். நீர் என்னில கை வைக்கிறேல்லை, அது வயசுக்கு மரியாதை, எங்கட பழக்கம் எண்டும் சொல்லும். மனுசருக்கு விளங்கும்தானே.”

நான் மேற்பார்வையாளரைப் பார்த்து, பிரெஞ்சில், ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னேன். ‘வாசலில் நான் கண்டுபிடிக்காதபடி குளிர்ச்சட்டையின் உட்துணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாராம். மத விஷயம் என்பதால் வெளியே சொல்ல வெட்கப்பட்டாராம். இப்போது வருந்துகிறாராம்.’

அந்த ‘வருந்துகிறாராம்’ தேவையே இல்லை. கதை நம்பும்படி இருக்க வேண்டும் என்று நானாகச் சேர்த்தேன்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. அத்தானுக்கு நீளமான பிரெஞ்சுதான் விளங்காது. சமையலறைப் பிரெஞ்சு விளங்கும். மிஞ்சின இறைச்சியை ஒளித்துக் கொண்டுபோகிறாயா, எங்கே ஒளித்தாய், பையைத் திற என்ற அதட்டல்களை இருபது வருடம் கேட்டவர் அவர். ‘ஒளித்தார்’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அவர் தலை திரும்பியது. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பியிருப்பேன். யாரோ தெரியாத ஆளைப் பஸ்ஸில் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“அப்படித்தானா?” என்று மேற்பார்வையாளர் நேராக அவரிடமே கேட்டார். இந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அறையில் நாலு பேர் இருந்தோம், தொலைபேசியில் ஒருவர். அவர் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் தெருவில் நிற்பேன். ‘கடவுளே, இந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது’ என்று அவர் கற்பூரம் கொளுத்திய அதே பிள்ளையாரைத்தான் வேண்டினேன்.

அத்தான் மேசையில் கிடந்த கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு, பிரெஞ்சிலேயே, “ஓம்” என்றார்.

பரிசோதகர் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு கவனமான ஆளையும் ஏமாற்றிவிட்டாரே என்று என்னிடம் அனுதாபப்பட்டார். நான் நன்றி சொன்னேன்.

வேலையிலிருந்து நீக்கிய தாளில் அத்தான் கையொப்பமிட்டார். அலுமாரியைக் காலிசெய்யப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். என் வாசலால்தான் வெளியே போக வேண்டும். தட்டிலிருந்து அவருடைய கைத்தொலைபேசியை எடுத்துக் கொடுத்தேன். நெருப்புப்பெட்டியை ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள், கற்பூரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் என்னைத் திட்டுவார், குறைந்தது ஒரு ‘ஏன்’ கேட்பார் என்று நின்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாரும்,” என்றார். “வராட்டி அக்கா யோசிப்பா.”

பிறகு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். அன்றைக்குத்தான் முதல் பனி தூறத் தொடங்கியிருந்தது. அவர் பஸ்ஸில் ஏறும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்க்கவில்லை. வரிசையில் அடுத்த ஆள் நின்றார், நான் அவருடைய பொக்கற்றுக்குள் கை விட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் எனக்குள் ஒரு வழக்கு நடத்தினேன், நானே வக்கீல், நானே நீதவான். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவருக்கு இன்னும் எத்தனை வருடம் வேலை செய்ய முடியும். நான் போயிருந்தால் உறவு விஷயமும் வெளியே வந்து இரண்டு பேரும் போயிருப்போம். கடைசி நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது அறையில் வைத்து என் தலையில் வரவேயில்லை, சனிக்கிழமை மத்தியானந்தான் வந்தது. ஆனாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கு அவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்ற பயம் மட்டும் போகவில்லை. அக்காதான் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் முகத்தில் முழிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேனே தவிர, அத்தான் திங்கட்கிழமை காலையில் எழும்பி என்ன செய்வார் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் லொங்குய்யிற்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே? உன்ர வேலைக்கு ஒண்டும் இல்லைத்தானே?” என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. நான் பிரெஞ்சில் சொன்ன கதையை அத்தான் தமிழில் அப்படியே அக்காவிடம் சொல்லியிருந்தார். உட்துணிக்குள் ஒளித்தது, வெட்கப்பட்டது எல்லாவற்றையும். ஒரு சொல் குறைக்கவில்லை.

மேசையில் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. அத்தான் தன் வழமையான கதிரையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே தொடங்கினாள்.

“உங்களுக்கென்ன, வயசுபோய் அறளை பேந்திட்டுதோ? கற்பூரம் கொளுத்திறது கோயிலில. பெற்றோல் கப்பலுக்கு நெருப்புப்பெட்டி கொண்டுபோற மனுசரும் இருக்கினமோ? அதுவும் ஒளிச்சு. சின்னப்பிள்ளையே நீங்கள்?”

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“உங்கட வேலை போனது போகட்டும். இவன்ர வேலைக்கும் எல்லே உலை வைக்கப் பாத்தனீங்கள். ஆர் உங்களை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டது? அவனையே ஏமாத்திப்போட்டு வந்து நிக்கிறியள். எனக்கு வெளியில தலைகாட்டேலாமல் கிடக்கு.”

நான் ஒரு துண்டு இறைச்சியை வாயில் வைத்தேன். இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இந்த வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டுச் சொல்லலாம். விழுங்கினேன். கறி நன்றாக இருந்தது. இன்னொரு வாய் வைத்தேன்.

“அவனிட்ட ஒரு மன்னிப்புக் கேளுங்கோ,” என்றாள் அக்கா. “கேட்டால் என்ன குறைஞ்சா போவியள். இந்த மேசையிலயே கேளுங்கோ.”

“விடு அக்கா,” என்றேன். பலமாகச் சொல்லவில்லை.

அத்தான் கையைத் தட்டில் வைத்தபடி நிமிர்ந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். “தம்பி,” என்றார், “பிழை என்னிலதான். உம்மை ஏமாத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளும். மனசில வைச்சிருக்காதையும்.”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் கறிக் கரண்டி இருந்தது.

“பரவாயில்லை அத்தான்,” என்றேன். “இனிமேலாவது கவனமா இருங்கோ.”

அவர் ஓம் என்று தலையாட்டினார்.